வி.எம்முக்குள் ஓடும் டெஸ்ட் பாஸா ஃபெயிலா என்று ஹோஸ்டுக்குச் சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெர்னல், பூட்லோடர், சொந்தமாக ஒரு குட்டி இயங்குதளம் என்று எழுதிப் பார்ப்பவர்கள் டெஸ்டுகளைப் பெரும்பாலும் கியூஎமு என்ற எமுலேட்டரில், அதாவது மென்பொருளால் ஆன ஒரு மெஷினுக்குள்தான் (வி.எம்) ஓட்டுகிறார்கள். அந்த மெஷினுக்குள் ஓடுவது கெஸ்ட், அதைத் தாங்கும் நம் கணினி ஹோஸ்ட். ஓட்டுவது சுலபம். ஓடி முடித்த டெஸ்ட் தேறியதா இல்லையா என்ற செய்தியை வெளியே கொண்டுவரும் இடத்தில்தான் தடுமாற்றம். திரும்பத் திரும்ப என் காதுக்கு வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எண்களெல்லாம் சாதாரணப் பத்தடிமானம். பதினாறடிமானம் வரும் இடத்தில் ‘ஹெக்ஸ்’ என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

டெஸ்ட் முடிஞ்சதும் வி.எம் ஸ்கிரீன்லயே "பாஸ்"னு காட்டுதே, அது போதாதா? எக்ஸிட் கோட் எதுக்கு?

நீங்கள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்வரை போதும். மேக்ஃபைலோ சிஐயோ (டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) திரையைப் பார்க்காது. கட்டளை முடிந்ததும் ஷெல்லுக்குக் கிடைக்கும் ஒரே ஒரு எண்ணை, அதாவது எக்ஸிட் கோடைத்தான் பார்க்கும். 0 என்றால் சரி, வேறு எது வந்தாலும் தவறு.

இங்கே ஹோஸ்ட் பார்க்கும் ப்ராசஸ் உங்கள் டெஸ்ட் அல்ல, கியூஎமு. உள்ளே ஓடும் ப்ரோகிராம் 1 என்று சொல்லி முடிந்தால் அந்த 1 கெஸ்ட் கெர்னலோடு நின்றுவிடும். நீங்களே எழுதிய கெர்னல் என்றால் முடிவைத் திருப்பிக் கொடுக்க மேலே யாருமே கிடையாது. ஆக, கெஸ்டிலிருந்து கியூஎமுவின் எக்ஸிட் கோடுவரை நாமே ஒரு வழி போட வேண்டியிருக்கிறது.

ஒழுங்கா ஷட்டவுன் பண்ணினா கியூஎமு 0 தானே குடுக்குது? அதையே பாஸ்னு வெச்சுக்கலாமே?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: கியூஎமு தரும் 0-க்கு ‘மெஷின் நின்றது’ என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை. ஏசிபிஐ (மின்சாரத்தை நிர்வகிக்கும் இடைமுகம்) வழியாக முறையாக ஷட்டவுன் செய்தாலும் 0. விண்டோவை யாராவது மூடினாலும் 0. வெளியிலிருந்து சிக்டெர்ம் (‘முடித்துக்கொள்’ என்னும்) சிக்னல் அனுப்பினால் அதைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மூடிவிட்டு, அப்போதும் 0.

இன்னும் மோசமான ஒன்று உண்டு. ரீபூட் ஆகி ஆகிச் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாதென்று எல்லோரும் நோ-ரீபூட் ஆப்ஷனைப் போடுகிறோம். உங்கள் கெர்னல் ஐடிடி-யை (இன்டரப்ட் வந்தால் எங்கே போவது என்ற அட்டவணை) குழப்பி ட்ரிபிள் ஃபால்ட் (ப்ராசஸர் மீள முடியாமல் ரீசெட் ஆகும் நிலை) ஆனால், அந்த ஆப்ஷன் இருக்கும்போது கியூஎமு ரீபூட் செய்யாமல் வெளியேறும். எக்ஸிட் கோட் 0. அதாவது முதல் டெஸ்ட் ஓடுவதற்கு முன்பே செத்துப்போன கெர்னல் பச்சை டிக் வாங்கிவிடும்.

அப்போ என்ன வழி? ஐஎஸ்ஏ-டீபக்-எக்ஸிட்னு சொல்றாங்களே, அது என்ன?

எக்ஸ்86 மெஷின்களுக்காகக் கியூஎமுவில் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு டிவைஸ். ஒரு ஐ/ஓ போர்ட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். கெஸ்ட் அந்தப் போர்ட்டில் ஓர் எண்ணை எழுதினால் கியூஎமு வெளியேறிவிடும். டிவைஸ் ஆப்ஷனில் அதன் பெயரோடு ஐஓபேஸ், ஐஓசைஸ் என்று இரண்டு மதிப்புகள் கொடுக்க வேண்டும். வழக்கமாகப் போடுவது ஐஓபேஸ் 244, ஐஓசைஸ் 4.

உள்ளே நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கெஸ்ட் கோட் டிஎக்ஸ் ரெஜிஸ்டரில் 244-ஐயும் இஏஎக்ஸில் 16-ஐயும் வைத்து ‘அவுட்’ கட்டளையை ஓட்டுகிறது. ஐ/ஓ என்றதும் ப்ராசஸர் கெஸ்டை விட்டு வெளியே வந்து கேவிஎம்மிடம் (லினக்ஸ் கெர்னலில் வி.எம்களை ஓட்டும் பகுதி) போகிறது. தன்னிடம் இல்லாத போர்ட் என்று கேவிஎம் அதைக் கியூஎமுவிடம் தள்ளுகிறது. 244-க்குச் சொந்தக்காரர் இந்த டிவைஸ். அது வந்த எண்ணை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டி, 33 என்ற எக்ஸிட் கோடுடன் கியூஎமுவை முடித்துவிடுகிறது. கேவிஎம் இல்லாமல் டிசிஜியில் (கியூஎமுவே கட்டளைகளை மொழிபெயர்த்து ஓட்டும் முறை) ஓட்டினாலும் விடை இதேதான்.

எதுக்கு ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டணும்? 0 எழுதினா 0 வந்துட்டுப் போகட்டுமே.

இரண்டாவது பதிலை மறுபடி பாருங்கள். 0 ஏற்கெனவே பல காரணங்களுக்கு வரும் எண். இந்தக் கணக்கால் டிவைஸ் வழியாக வரும் விடை எப்போதும் ஒற்றைப்படையாகத்தான் இருக்கும், ஒருநாளும் 0 ஆகாது. அதனால் ‘தானாக நின்றது’ என்பதும் ‘டெஸ்ட் வாய் திறந்து சொன்னது’ என்பதும் கலக்காது. முதலில் எரிச்சலாகத் தெரியும் இந்த ஏற்பாடுதான் நமக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு.

சரி, பாஸுக்கு எந்த நம்பரை எழுதறது? 0 எழுதி 1-ஐ எதிர்பார்த்தா தப்பா?

அப்படிச் செய்யாமல் இருப்பது நல்லது. ஆப்ஷனில் எழுத்துப்பிழை, டிஸ்க் இமேஜைக் காணோம், கேவிஎம்முக்கு அனுமதி இல்லை என்று கியூஎமு கிளம்பாமலே தோற்கும்போதும் 1 தான் தரும். பாஸும் 1, கியூஎமு கிளம்பவே இல்லை என்பதும் 1 என்றால் பழைய சிக்கலை வேறு எண்ணில் வாங்கிக்கொண்ட கதைதான்.

பரவலாக இருக்கும் வழக்கம் பாஸுக்கு 16, ஃபெயிலுக்கு 17. வெளியே 33, 35 என்று வரும். இவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்வது உபயோகம். ஆட்டோமேக், மெசான் என்ற பில்ட் கருவிகள் இரண்டுமே 77-ஐ ‘தவிர்க்கப்பட்டது’ என்றும், 99-ஐ ‘டெஸ்டை நடத்தவே முடியவில்லை’ என்றும் எடுத்துக்கொள்கின்றன. இரண்டும் ஒற்றைப்படை. எனவே கெஸ்டிலிருந்து 38 எழுதினால் 77, 49 எழுதினால் 99. இந்த ப்ராசஸரில் அந்த வசதி இல்லை, அதனால் இந்த டெஸ்ட் பொருந்தாது என்று சொல்ல 38 அருமையாக உதவும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. 62 எழுதினால் 125, அது டைம்அவுட் கட்டளை (இன்னொரு கட்டளையை நேர வரம்பு வைத்து ஓட்டுவது) தானே தோற்றால் தரும் எண். 63 எழுதினால் 127, ஷெல் ‘கட்டளை கிடைக்கவில்லை’ என்று சொல்லும் எண். 64-இலிருந்து மேலே போனால் 128-ஐத் தாண்டிய பகுதி, அங்கே சிக்னலால் செத்த ப்ராசஸ்களின் எண்கள் இருக்கின்றன: 68 எழுதினால் 137, ‘சிக்கில்’ என்ற சிக்னலால் (உடனே கொல்வது) செத்ததற்கும் ஷெல் அதையே காட்டும். 2 முதல் 61 வரைக்குள் இருந்துகொண்டால் எதனோடும் மோதாது.

200 எழுதினேன், 145 வருது. 401 தானே வரணும்?

401 தான். ஆனால் எக்ஸிட் கோடில் கடைசி 8 பிட் மட்டுமே தாய் ப்ராசஸுக்குத் தெரியும். 401-இல் 256 போக 145. இதே கணக்கில் 128 எழுதினால் 257, அது 1 ஆகிவிடும். முந்தைய பதிலில் சொன்ன எல்லைக்குள் இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம்.

டெஸ்ட் பாஸாகி 33 வருது, ஆனா மேக் "எர்ரர் 33"னு நின்னுடுது. என்ன பண்றது?

நடுவில் ஒரு ராப்பர் ஸ்கிரிப்ட் வேண்டும். வேலை ஒன்றே ஒன்று: கியூஎமுவை ஓட்டி, 33 வந்தால் 0 ஆக்கி வெளியேற வேண்டும். 77-ஐயும் 99-ஐயும் அப்படியே விட வேண்டும். 0 வந்தால் அதை 1 ஆக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேறு எந்த எண் வந்தாலும் தோல்விதான். ரஸ்டில் பூட்இமேஜ் கருவி வைத்திருப்பவர்களுக்கு இது தயாராகவே இருக்கிறது: கார்கோ கோப்பில் டெஸ்ட்-சக்சஸ்-எக்ஸிட்-கோட் என்ற இடத்தில் 33 போட்டால் போதும்.

ஸ்கிரிப்ட் எழுதும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் -இ’ இருந்தால் 33 வந்த கணமே ஷெல் வெளியேறிவிடும், உங்கள் ஒப்பீட்டு வரிக்கு வரவே வராது. இன்னொன்று பைப். லாக்கைச் சேமிக்கக் கியூஎமுவின் அவுட்புட்டை ‘டீ’ கட்டளைக்குள் விட்டால் ஷெல்லுக்குக் கிடைப்பது டீ-யின் எக்ஸிட் கோட், அதாவது 0. பேஷ் ஷெல்லில் பைப்ஃபெயிலைப் போடுங்கள், அல்லது கியூஎமுவின் சீரியலை (கெஸ்ட் எழுத்துகளை வெளியே அனுப்பும் போர்ட்) நேராக ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஷெல்லின் குணங்களை நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஏன் குறிப்பா 244? வேற எங்கயோ 501னு பார்த்தேனே?

நீங்கள் பார்த்தது ஹெக்ஸ் 501, பத்தடிமானத்தில் 1281. ஐஓபேஸ் கொடுக்காமல் விட்டால் டிவைஸ் எடுத்துக்கொள்ளும் போர்ட் அதுதான். இந்த டிவைஸ் தனியாக வருவதற்கு முன்பே பயாஸ் கோடுக்காகக் கியூஎமுவின் பிசி மெஷினில் அந்தப் போர்ட் இதே கணக்கோடு இருந்தது. 244 இருக்கும் பகுதி பழைய 80287 கணக்கு ப்ராசஸருக்கு ஒதுக்கியது. இன்றைய மெஷின்களில் அந்த எண்ணை யாரும் பயன்படுத்துவதில்லை. கேவிஎம்மைச் சோதிக்கும் கேவிஎம்-யூனிட்-டெஸ்ட்ஸ் திட்டமும் 244-ஐத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது.

போர்ட்ல எழுதியும் ஒண்ணுமே நடக்கலை, சும்மா நிக்குது. எங்க பார்க்கறது?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. டிவைஸ் ஆப்ஷன் வேறொரு ஸ்கிரிப்டில் இருக்கிறது, நீங்கள் ஓட்டியது அது அல்ல. அல்லது ஆப்ஷனில் ஐஓபேஸை விட்டுவிட்டீர்கள், டிவைஸ் 1281-இல் காத்திருக்கிறது, நீங்கள் 244-இல் தட்டுகிறீர்கள். அல்லது உங்கள் கோட் அந்த வரிக்கே வரவில்லை. அதற்கு முந்தைய வரியில் சீரியலுக்கு ஓர் எழுத்தை அனுப்பிப் பாருங்கள்.

டெஸ்ட் லூப்ல மாட்டிக்கிட்டா? எக்ஸிட் கோடே வராதே.

அதற்கு ஹோஸ்டில்தான் காவல் போட வேண்டும். கியூஎமுவை டைம்அவுட் கட்டளைக்குள் ஓட்டுங்கள். நேரம் தாண்டினால் அது சிக்டெர்ம் அனுப்பிவிட்டு 124 தரும். 124 இரட்டைப்படை, எனவே டிவைஸிலிருந்து அந்த எண் வரவே முடியாது. பார்த்தவுடன் தொங்கல் என்று புரிந்துகொள்ளலாம். டெர்மினலில் கையால் ஓட்டும்போது, சீரியலை ஸ்டிடிஐஓவுக்கு (டெர்மினலின் உள்ளீடு-வெளியீடு) கொடுத்திருந்தால் டைம்அவுட்டுக்கு ஃபோர்கிரவுண்ட் ஆப்ஷனும் தேவைப்படும். இல்லையென்றால் கியூஎமு டெர்மினலைத் தொட முயன்று அப்படியே நின்றுபோகலாம்.

இதில் ஒரு குழி இருக்கிறது. டைம்அவுட்டுக்குப் பிரிசர்வ்-ஸ்டேட்டஸ் என்றொரு ஆப்ஷன் உண்டு. உள்ளே ஓடிய கட்டளையின் சொந்த எக்ஸிட் கோடையே திருப்பித் தா என்று அர்த்தம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிக்டெர்ம் வாங்கிய கியூஎமு 0 தரும் என்று முன்பே பார்த்தோம். அந்த ஆப்ஷனைப் போட்டால் தொங்கிய ஒவ்வொரு டெஸ்டும் 0 ஆகி வெளியே வரும். 0-ஐ ஏற்றுக்கொள்ளும் ஸ்கிரிப்டாக இருந்தால் அத்தனையும் பாஸ். அதை எடுத்துவிடுங்கள்.

கியூஎமுவே சிக்டெர்முக்கு மசியாமல் இருக்கும் சந்தர்ப்பத்துக்காகச் சில விநாடி கழித்து சிக்கில் அனுப்பச் சொல்லியும் வைக்கலாம். அப்போது 137 வரும். 68-ஐ ஏன் எழுத வேண்டாம் என்றேன் என்பது இங்கே புரியும். பூட்இமேஜில் இந்தக் காவல் உள்ளேயே இருக்கிறது, தானாக எடுத்துக்கொள்ளும் வரம்பு 5 நிமிடம். சின்ன டெஸ்டுக்கு அது அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள்.

கெர்னல் பானிக் ஆனா எப்படி ஃபெயில்னு காட்டறது?

உங்கள் சொந்தக் கெர்னல் என்றால் பானிக் ஹேண்ட்லரிலேயே செய்தியைச் சீரியலில் அச்சிட்டுவிட்டு 17-ஐ எழுதிவிடுங்கள். ஹேண்ட்லருக்குள் மெமரி ஒதுக்குவது, பூட்டு (லாக்) எடுப்பது எதுவும் வேண்டாம். பானிக் வந்த நேரத்தில் அந்தப் பூட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஹேண்ட்லருக்கே வர முடியாமல் ட்ரிபிள் ஃபால்ட் ஆனால் கியூஎமு 0 தரும், ராப்பர் அதைத் தோல்வியாக்கும். அதோடு அந்தக் கணக்கு தீர்ந்தது.

லினக்ஸ் கெஸ்ட் என்றால் கெர்னல் வரியில் பானிக் மதிப்பை -1 ஆக வைத்தால் பானிக் ஆனதும் தாமதமில்லாமல் ரீபூட் செய்யப் போகும், நோ-ரீபூட் அதைப் பிடித்து வெளியேற்றும். எக்ஸிட் கோட் மறுபடியும் 0 தான். தொங்காமல் சீக்கிரம் முடிகிறது, அதுவே லாபம். அந்த 0-க்குப் பதில் தோல்வி எண்ணே வேண்டுமென்றால் பானிக்கைக் கியூஎமுவுக்குச் சொல்லும் பிவிபானிக் டிவைஸைச் சேர்த்து, ஆக்‌ஷன் ஆப்ஷனில் பானிக்குக்கு எக்ஸிட்-ஃபெயிலியர் என்று கொடுங்கள். கெஸ்டில் அதன் டிரைவர் இருக்க வேண்டும்.

என் கெஸ்ட் முழு லினக்ஸ். சாதாரண சி ப்ரோகிராம்ல இருந்து அந்த போர்ட்ல எழுத முடியுமா?

முடியும், ரூட்டாக ஓட வேண்டும். முதலில் ஐஓபெர்ம் அழைப்பில் 244-லிருந்து 4 போர்ட்டுகளுக்கு அனுமதி வாங்குங்கள், பிறகு அவுட்பியால் எழுதுங்கள். ஜிலிப்சியின் (லினக்ஸின் சி லைப்ரரி) அவுட்பியில் எழுத வேண்டிய மதிப்பு முதலில், போர்ட் இரண்டாவது. சொந்தக் கெர்னல் எழுதுகிறவர்கள் பலர் போர்ட்டை முதலில் வைத்துப் பழகியிருப்பார்கள். மாற்றிக் கொடுத்தால் 16-ஆம் போர்ட்டில் 244-ஐ எழுதப் போய், அதற்கு அனுமதி இல்லாததால் செக்மென்டேஷன் ஃபால்ட் வரும். அந்த ஃபால்டைப் பார்த்ததும் முதலில் வரிசையைச் சரிபாருங்கள்.

சி வேண்டாம், ஷெல்லிலிருந்தே வேண்டுமென்றால் டெவ் டைரக்டரியில் ‘போர்ட்’ என்ற ஃபைல் இருக்கிறது. டிடி கட்டளையில் பிளாக் அளவு 1, சீக் 244, நோட்ரங்க் என்று கொடுத்து ஒரு பைட்டை அதற்குள் தள்ளினால் போதும். ஒரு பைட் எழுதினாலும் டிவைஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் செக்யூர் பூட்டோடு கெர்னல் லாக்டவுன் போட்டிருக்கும் கெஸ்டில் இந்த இரண்டு வழியும் அடைபட்டிருக்கும். டெஸ்ட் இமேஜில் லாக்டவுனை எடுத்துவிடலாம். எடுக்கக் கூடாத நிலை என்றால் ஒரு விர்ட்ஐஓ-சீரியல் போர்ட்டை ஹோஸ்டில் ஒரு ஃபைலோடு இணைத்து, முடிவு எண்ணை அதில் எழுதி, ராப்பரைப் படிக்கச் சொல்லுங்கள். அந்த ஃபைல் காலியாக இருந்தால் தோல்வி.

எக்ஸிட் கோட் சரியா வருது, ஆனா கடைசி லாக் வரிகளைக் காணோம். டிஸ்க்ல எழுதினதும் இல்லை.

கெஸ்டின் பார்வையில் இது மின்சாரம் போவது மாதிரிதான். கெஸ்ட் கெர்னலுக்கு முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. லினக்ஸ் கெஸ்டில் நீங்கள் சீரியலுக்கு ‘எழுதிய’ வரி டிடிஒய் பஃபரில் காத்திருக்கலாம், ஃபைலுக்கு எழுதியது பேஜ் கேஷில் இருக்கலாம். டெஸ்ட் முடிந்ததும் சீரியலுக்கு டிசிடிரெயின், டிஸ்குக்கு சிங்க், அதன் பிறகு போர்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

டெஸ்டுக்கென்றே இருக்கும் இமேஜ் என்றால் ஸ்னாப்ஷாட் ஆப்ஷனோடு ஓட்டுவது நல்லது. அசல் இமேஜில் எதுவும் எழுதப்படாது, ஃபைல்சிஸ்டம் அரைகுறையாக மூடப்பட்டாலும் அடுத்த ஓட்டம் சுத்தமாகத் தொடங்கும். வெளியே வேண்டிய லாக்கை மட்டும் சீரியலில் அனுப்பிவிடுங்கள்.

ஆர்ம்ல ஓட்டினா "ஐஎஸ்ஏ பஸ் இல்லை"னு எர்ரர் வருது.

ஆர்மின் விர்ட் மெஷினில் ஐஎஸ்ஏ பஸ்ஸே கிடையாது. அங்கே வழி செமிஹோஸ்டிங். ஆர்ம் நிறுவனமே டீபக்கர்களுக்காக வகுத்தது. ஒரு ரெஜிஸ்டரில் செயல் எண்ணை வைத்து, அதற்கென ஒதுக்கிய கட்டளையை ஓட்டினால் டீபக்கர், நம் விஷயத்தில் கியூஎமு, அதைப் பிடித்துக்கொள்ளும். வெளியேறும் செயலின் எண் ஹெக்ஸ் 18. 64-பிட்டில் இரண்டு சொற்கள் கொண்ட ஒரு பிளாக்கின் முகவரியைக் கொடுக்கிறோம். முதல் சொல் காரணம் (இயல்பாக முடிந்தது என்றால் ஹெக்ஸ் 20026), இரண்டாவது சொல் எக்ஸிட் கோட்.

32-பிட்டில் அதே ஹெக்ஸ் 18 செயலுக்குக் காரணம் மட்டும்தான் போகும், எக்ஸிட் கோட் போகாது. 20026 என்றால் 0, வேறு காரணமானால் 1, அவ்வளவுதான். முழு எண்ணும் வேண்டுமென்றால் ஹெக்ஸ் 20 என்ற நீட்டித்த செயலைப் பயன்படுத்துங்கள். கியூஎமுவில் செமிஹோஸ்டிங் ஆப்ஷனைப் போட மறந்தால் அந்தக் கட்டளை கெஸ்டுக்குள் எக்ஸெப்ஷனாகத்தான் முடியும்.

ரிஸ்க்-வில?

விர்ட் மெஷினில் ஹெக்ஸ் 100000 முகவரியில் ஒரு டெஸ்ட் டிவைஸ் இருக்கிறது. 32-பிட்டாக ஹெக்ஸ் 5555 எழுதினால் பாஸ், 0. ஹெக்ஸ் 3333 எழுதினால் ஃபெயில், எக்ஸிட் கோடை மேல் 16 பிட்டில் வைக்க வேண்டும். ஹெக்ஸ் 7777 ரீசெட். மேல் பகுதியை நிரப்பாமல் வெறும் 3333 எழுதினால் எக்ஸிட் கோட் 0 ஆகி, தோல்வி பாஸ் வேஷத்தில் வரும். செமிஹோஸ்டிங் ரிஸ்க்-வியிலும் உண்டு.

அப்போ ஆர்ம், ரிஸ்க்-வில பாஸ் 0-வா வருது. 0-ஐ நம்பாதேன்னு சொன்னீங்களே?

சரியான கேள்வி. அங்கே எண் மட்டும் போதாது, இரண்டாவது சாட்சி வேண்டும். பாஸ் என்று அறிவிப்பதற்குச் சற்று முன்னால் சீரியலில் வேறு எங்கும் வராத ஒரு வரியை அச்சிடுங்கள். எக்ஸிட் கோட் 0, அந்த வரியும் லாக்கில் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் ராப்பர் பாஸ் என்று சொல்ல வேண்டும். செமிஹோஸ்டிங்கில் இன்னொரு வழியும் உண்டு. கோட் உங்கள் கையில் இருப்பதால் பாஸுக்கே 33-ஐ அனுப்பிவிடலாம். மூன்று ஆர்க்கிடெக்சருக்கும் ஒரே ராப்பர் போதும் என்பதால் எனக்கு இதில்தான் விருப்பம். ரிஸ்க்-வியில் 3333-உடன் மேல் பகுதியில் 33 வைத்தாலும் அதே பலன், பெயர்தான் ‘ஃபெயில்’.

சீரியல் லாக்கைத் தேடினாலே போதாதா? லினக்ஸோட கேயூனிட் அப்படித்தானே பண்ணுது?

ஆமாம், கெர்னலின் டெஸ்ட் கட்டமைப்பான கேயூனிட்டின் பைதான் கருவி கன்சோலில் வரும் கேடேப் (டெஸ்ட் முடிவுகளுக்கான எழுத்து வடிவம்) வரிகளைப் படித்துத்தான் முடிவு சொல்கிறது. அது வேலை செய்வதற்குக் காரணம் அந்த வடிவம். மொத்தம் எத்தனை டெஸ்ட் என்பது முன்கூட்டியே ஒரு வரியில் வந்துவிடும். 12 என்று சொல்லிவிட்டு 9 முடிவுகளோடு கன்சோல் நின்றுபோனால் மீதி 3 காணவில்லை என்று கருவி கண்டுபிடித்துவிடும். வெறுமனே ‘ஃபெயில்’ என்ற சொல்லைத் தேடி, இல்லையென்றால் பாஸ் என்று வைப்பது வேறு விஷயம். பூட் ஆகாத கெர்னலின் லாக்கிலும் அந்தச் சொல் இருக்காது. தேடுவதானால் பாஸைத் தேடுங்கள்.

கேவிஎம்-யூனிட்-டெஸ்ட்ஸ்ல 0 எழுதி 1-ஐத்தான் பாஸ்னு எடுத்துக்கறாங்க. அவங்க பண்ணலாம், நாங்க பண்ணக் கூடாதா?

அவர்கள் அந்தக் குழப்பத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு, ஓட்டும் ஸ்கிரிப்டில் அதற்கு விலையும் கொடுக்கிறார்கள். 1 வந்ததும் பாஸ் என்று விடுவதில்லை. கியூஎமு ஸ்டிடெர்ரில் ஏதாவது புலம்பியிருக்கிறதா, சிக்னலால் முடிந்ததாகச் செய்தி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதை 0 ஆக மாற்றுகிறார்கள். 0 வந்தால் எதிர்பாராத வெளியேற்றம் என்று தோல்வியாக்குகிறார்கள். அந்த ஸ்கிரிப்டில் கமென்டாக இருக்கும் எக்ஸிட் கோட் அட்டவணையை ஒருமுறை படித்துப் பாருங்கள், இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு 16-ஐ எழுதுவது அதைவிட மலிவு.

நாலு கோர்ல டெஸ்ட் ஓட்டறேன். ரெண்டாவது கோர் ஃபெயில் ஆனாலும் சில சமயம் பாஸ்னு வருது.

முதலில் யார் போர்ட்டில் எழுதுகிறாரோ அவர் சொன்னதுதான் முடிவு. அதற்குப் பிறகு மெஷினே இல்லை. ஆகவே தோல்வியைக் கண்ட கோர் எதுவானாலும் உடனே 17-ஐ எழுதலாம். பாஸை மட்டும் ஒரே ஒரு கோர், மற்றவை எல்லாம் முடிந்துவிட்டன என்று ஓர் அடாமிக் கவுன்டரில் (பல கோர்கள் ஒரே நேரத்தில் தொட்டாலும் பிசகாத எண்ணிக்கை) பார்த்து உறுதி செய்த பிறகே எழுத வேண்டும். முடிக்காத கோர் இருந்தால் காத்திருக்கட்டும், எல்லை மீறினால் ஹோஸ்டின் 124 பார்த்துக்கொள்ளும்.

இதே இமேஜை நிஜ மெஷின்லயோ விர்ச்சுவல்பாக்ஸ்லயோ போட்டா என்ன ஆகும்?

போர்ட்டில் எழுதியதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், கோட் அடுத்த வரிக்குப் போய்விடும். அங்கே குப்பையை ஓட்டாமல் இருக்க, இன்டரப்ட்டை மூடிவிட்டு ஹெச்எல்டி கட்டளையைச் சுற்றில் விடுங்கள். கியூஎமுவில் ஓட்டும்போதும் அந்தச் சுற்று இருக்கட்டும்.

நமக்குத் தெரியாதவங்க அனுப்பற கோடை இப்படி ஓட்டலாமா? ஹோஸ்டுக்கு ஆபத்து உண்டா?

ஐஎஸ்ஏ-டீபக்-எக்ஸிட் தன் வி.எம்மை முடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. செமிஹோஸ்டிங் அப்படி அல்ல. வெளியேறுவது அதன் பல செயல்களில் ஒன்று மட்டும்தான். ஹோஸ்டின் ஃபைலைத் திறப்பது, எழுதுவது, அழிப்பது, ஹோஸ்டில் கட்டளை ஓட்டுவதுகூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம்பாத கோடுக்கு அதைத் திறந்துவிடாதீர்கள். ரிஸ்க்-வியில் டெஸ்ட் டிவைஸ் போதும், ஆர்மில் சீரியல் வரியையும் ஷட்டவுனையும் வைத்துச் சமாளிக்கலாம்.

மாணவர்களின் வேலையை மதிப்பிட இதைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கெஸ்டுக்குள் ரூட்டாக ஓடும் எந்தக் கோடும் 16-ஐ எழுதிவிட்டுப் போகலாம். மதிப்பெண் தருவதானால் கெஸ்ட் கணக்கிட்ட விடையை வாங்கி ஹோஸ்டில் சரிபாருங்கள், அதன் வாக்குமூலத்தை அல்ல.

எல்லாத்தையும் போட்டாச்சு. இது சரியா வேலை செய்யுதான்னு எப்படி நம்பறது?

வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். முதலில் கண்டிப்பாகத் தோற்கும் ஓர் அசர்ட். அடுத்தது முடிவில்லா லூப். அப்புறம் காலியான ஐடிடி-யை ஏற்றிவிட்டு ஓர் இன்டரப்ட்டைக் கிளப்பி ட்ரிபிள் ஃபால்ட். நான்காவதாக, கெர்னல் ஃபைலின் பெயரைத் தப்பாகக் கொடுத்து ஓட்டுங்கள். ஐந்தாவதாக, ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு டெர்மினலிலிருந்து கியூஎமுவுக்கு சிக்டெர்ம் அனுப்புங்கள். ஐந்திலும் சிஐ சிவப்பாக வர வேண்டும். டைம்அவுட் கட்டளை தரும் 124 இரண்டாவதில் மட்டுமே வர வேண்டும். இவற்றைக் கையால் ஒருமுறை செய்துவிட்டு விட்டுவிடாமல், ‘தோற்க வேண்டிய டெஸ்டுகள்’ என்று தனித் தொகுதியாக சிஐயிலேயே சேர்த்துவிடுங்கள். கியூஎமுவின் பதிப்பு மாறும்போதோ யாராவது ராப்பரைத் திருத்தும்போதோ முதலில் குரல் கொடுப்பது அந்தத் தொகுதிதான்.